மருதையாறும் சிவப்புக் கோடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய வாய், சுருக்கிச் சொல்ல வராது. சாப்பிட்டு முடித்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

நவம்பர் 23 என்ற தேதிக்கு நம் பக்கத்தில் இரண்டு கணக்கு உண்டு. 2007ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் அரியலூர் தனி மாவட்டமாக மறுபடியும் செயல்படத் தொடங்கியது. 2001 ஜனவரியில் பெரம்பலூரிலிருந்து ஒரு முறை பிரித்தார்கள், 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மீண்டும் பிரித்தார்கள். இந்த அலைச்சலில் யார் எந்த மாவட்டம் என்று விண்ணப்பத்தில் எழுதத் தெரியாமல் என் வகுப்புப் பிள்ளைகள் திண்டாடியது எனக்குத்தான் தெரியும். இன்னொரு கணக்கு 1956ஆம் ஆண்டு நவம்பர் 23. அன்று விடியற்காலையில்தான் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் மாவட்டம் பிறந்த தேதியைக் கேட்டால் சொல்லுகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு மற்றது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருதையாறு பச்சைமலையில் உற்பத்தியாகி, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து அரியலூர் மாவட்டத்துக்குள் வந்து கொள்ளிடத்தில் சேருகிறது. ஆலத்தூர் தாலுகாவில் கொட்டரையில் நீர்த்தேக்கம் கட்டினார்களே, அது இந்த ஆற்றின் குறுக்கேதான். வருடத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான். ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். "டீச்சர், ஆறுன்னா தண்ணி இருக்கணும்ல?" என்று ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. மலையிலிருந்து இறங்கும் காட்டாறுக்கு அதுதான் குணம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால், வழியில் இருக்கிற ஏரியெல்லாம் நிரம்பி, கலிங்கு வழிந்து, எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் வந்து இறங்கும். காவிரி மாதிரி மேட்டூரில் திறந்தார்கள், நாளைக்கு வரும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. சொல்லாமல் வருவதுதான் அதன் ஆபத்து.

1956இல் நம் பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம். மாநிலம் மதராஸ், முதலமைச்சர் காமராஜர். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சி போகும் பாதை அப்போது மீட்டர் கேஜ், கரி எஞ்சின். சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் அரியலூரைத் தாண்டியது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலம். அடைமழையில் ஆறு பெருக்கெடுத்து, பாலத்தை வெள்ளம் பெயர்த்துவிட்டிருந்தது. எஞ்சினும் அதை அடுத்த ஏழு பெட்டிகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. பெட்டிகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். இறந்தவர் எண்ணிக்கையைப் பத்திரிகைக்குப் பத்திரிகை கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். 140க்குக் குறையாது. காயம்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல்.

அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதிதான், மூன்று மாதம்கூட ஆகவில்லை, அப்போதைய ஐதராபாத் மாநிலத்தில் மகபூப்நகர் அருகே இதே மாதிரி வெள்ளத்தில் ஒரு பாலம் போய், ரயில் விழுந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அப்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகல் கடிதம் கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி பொறுப்பு என்று அர்த்தமில்லை, ஜனநாயக மரபுக்கு இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் ஏற்கிறேன் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் சொன்னார். ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் நம் செங்கல்பட்டுக்காரர் ஓ.வி.அழகேசன். 1957 தேர்தலில் தி.மு.க.வினர் அரியலூரையும் அவர் பெயரையும் எதுகை மோனையோடு கோத்து ஒரு முழக்கமே போட்டார்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப்பாருங்கள், இன்னும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சரித்திரத்தில் அரியலூர் என்றால் சாஸ்திரியின் ராஜினாமா. போட்டித் தேர்வில் ஒரு மார்க் கேள்வி. தார்மீகப் பொறுப்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. அது பெரிய செயல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ராஜினாமாவால் எந்தப் பாலமும் பலப்பட்டுவிடாது. அதற்குப் பிறகு அடுத்த வெள்ளத்தை எப்படி முன்கூட்டி எடைபோடுவது என்று யார் யார் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்கிற கதையை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கதைதான் பெரிதாகப் படுகிறது.

என் அப்பாவுக்கு அப்போது இருபது வயது. ஆற்றிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். அவர் அந்த விபத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கரையில் போய் நின்றதையும், அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்பதையும் மட்டும் சொல்வார். ஆனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ராத்திரி பூரா ஆத்துச் சத்தம் ஊருக்குள்ள கேட்டுச்சும்மா. அந்தச் சத்தம் நாங்க அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. கிழவங்கெல்லாம் எந்திரிச்சு உட்கார்ந்துட்டாங்க. ஆனா அத யாரு போய் யாருகிட்ட சொல்றது?"

இந்தக் கடைசிக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாலம் எப்படி விழுகிறது என்பதை என் வகுப்பில் மணலும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துக் காட்டியிருக்கிறேன். ஒரு சாக்பீஸை மணலில் நட்டு, பக்கத்தில் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் சாக்பீஸைத் தள்ளாது. அதன் அடியில் இருக்கிற மணலைச் சுழித்துச் சுழித்து எடுத்துக்கொண்டு போகும். கடைசியில் சாக்பீஸ் தானாகச் சாயும். பாலத்துக்கும் அதே கதி. தூண் உறுதியாக இருந்தாலும் அடிமண் அரித்துப்போனால் முடிந்தது. பாலத்தில் கொண்டுவந்து சேர்க்கும் மண்கரை இன்னும் சீக்கிரம் போகும். மேலே தண்டவாளம் மட்டும் கம்பி கட்டின மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். இருட்டில் வருகிற டிரைவருக்கு அது பாதை மாதிரிதான் தெரியும்.

ஆகவே கேள்வி இரண்டு. எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கிட்டுப் பாலம் கட்ட வேண்டும். கணக்கை மீறி வந்தால் ரயில் வருவதற்குள் தெரிய வேண்டும்.

முதல் கேள்விக்கு 1950களின் பிற்பகுதியில் ஒரு பொறியாளர் குழு போட்டார்கள். தலைவர் ஏ.என்.கோஸ்லா. பக்ரா அணையோடு சேர்த்துப் பேசப்படும் பெயர், பின்னாளில் ஒடிசா ஆளுநராக இருந்தவர். அதுவரை நம் நாட்டில் பல பாலங்களைக் கட்டியது, ஆற்றின் பரப்பை ஒரு சூத்திரத்தில் போட்டுப் பெருக்கி வந்த விடையை வைத்து. அந்தப் பரப்பில் எவ்வளவு மழை, எந்த மண், எவ்வளவு சரிவு என்பதெல்லாம் சூத்திரத்துக்குத் தெரியாது. கோஸ்லா குழு, குறைந்தது 50 ஆண்டுப் பதிவில் இருக்கும் அதிகபட்ச வெள்ளத்தையோ, அல்லது நிகழ்தகவுக் கணக்கில் வரும் 50 ஆண்டு வெள்ளத்தையோ அடிப்படையாக வைக்கச் சொன்னது. அதற்குப் பிறகு நாட்டை மழை, மண், நில அமைப்பு ஒத்துப்போகிற 26 துணை மண்டலங்களாகப் பிரித்தார்கள். மத்திய நீர் ஆணையம், ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம், வானிலைத் துறை, சாலைத் துறை ஆகிய நாலு பேரும் சேர்ந்து ஒவ்வொரு மண்டலத்துக்கும் அறிக்கை தயாரித்தார்கள். ரயில்வேக்காரர்கள் சிறு பாலங்களில் வருடக்கணக்காக நின்று மழையையும் நீர்மட்டத்தையும் குறித்துக் கொடுத்ததுதான் அதற்கு மூலப்பொருள். நான்கு துறைகள் சேர்ந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கடினம் என்று அரசாங்க வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"50 ஆண்டு வெள்ளம்" என்றால் 50 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் வந்துவிட்டது, இனி 49 வருடம் பயமில்லை என்று ஒரு பெரிய அதிகாரியே பேசக் கேட்டிருக்கிறேன். எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு 100க்கு 2 வாய்ப்பு என்றுதான் அர்த்தம். பாலம் 50 வருடம் நின்றால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது வருவதற்கு 100க்கு 64 வாய்ப்பு. நம்பிக்கை இல்லாதவர்கள் 0.98ஐ ஐம்பது தடவை பெருக்கி 1இலிருந்து கழித்துப்பாருங்கள். இந்தக் காலத்தில் கைப்பேசியிலேயே போடலாம். ஆறு காலண்டர் பார்த்து வருவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை எழுதியவர்கள் கேங்மேன்களும் கீமேன்களும். ரயில்வேயில் மழைக்கால ரோந்து என்று ஒன்று உண்டு. ஒருவர் கையில் விளக்கு, சிவப்புக் கொடி, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடிகள், கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். தன் எல்லை வரை நடந்துபோய், எதிர்ப்பக்கம் இருந்து வருகிறவரைச் சந்தித்து, நோட்டை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ரோந்துக்காரர் குறித்த நேரத்தில் ஸ்டேஷனுக்கு வந்து சேரவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. வழியில் ஏதோ ஆகியிருக்கிறது என்று வைத்து, அடுத்த ரயிலை எச்சரித்துத்தான் அனுப்ப வேண்டும். ஆள் வராததையே செய்தியாக எடுத்துக்கொள்ளும் ஒரு கருவியை எந்தக் கல்லூரியிலிருந்து கண்டுபிடிக்க முடியும்? இருட்டில் நடந்தவன் அனுபவத்திலிருந்துதான் அது வந்திருக்கும்.

பாலத்துத் தூணில் ஆபத்து மட்டம் என்று கோடு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இதுவரை வந்த உச்ச வெள்ளத்தின் அளவும் குறித்திருக்கும். படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்புக் கோடு புரியும். தண்ணீர் கோட்டைத் தொட்டால் காவலாளி ரயிலை நிறுத்தலாம். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாம்பனில் இதே தத்துவம்தான், தண்ணீருக்குப் பதில் காற்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் போனதற்குப் பிறகு அங்கே காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடையாது என்பதுதான் பழைய பாலத்தில் இருந்த விதி.

இன்னொரு பதிவேடு இருக்கிறது, அது நம் மாதிரி ஏரி மாவட்டங்களுக்கு மிக முக்கியம். எந்த ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் தண்டவாளத்துக்கு வரும் என்ற ஏரிகளின் பட்டியல். ஏரி ரயில்வேக்குச் சொந்தமில்லை. பொதுப்பணித் துறை ஏரி இருக்கும், ஊராட்சி ஒன்றிய ஏரி இருக்கும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால் ரயில்வே பொறியாளரும் மாநில அரசு பொறியாளரும் சேர்ந்து கரைமேல் நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. இந்த நடை ஒழுங்காக நடந்தால் என்ன பலன் என்பதற்குச் சாட்சி காட்ட முடியாது, ஏனென்றால் நடக்காத விபத்தை யாரும் பத்திரிகையில் போடுவதில்லை. ஏரித் தண்ணீர் பாதைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2005 அக்டோபர் 29, ஆந்திராவில் நல்கொண்டா மாவட்டம் வலிகொண்டா அருகே ஏரி உடைந்த வெள்ளம் சிறு பாலத்தை அடித்துக்கொண்டு போக, டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மருதையாற்றுக்குப் பிறகு 49 வருடம் கழித்து. அதுவும் விடியற்காலை, அதுவும் சின்னப் பாலம்.

ரயிலை விட்டு ஊருக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு ஆணையம், கலெக்டர் தலைவர். ஒவ்வொரு மாவட்டமும் தன் ஆபத்துகளை எடைபோட்டுத் திட்டம் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பாதிப்புக்குள்ளாகும் இடங்களை மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்று நான்காகப் பிரித்தார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாநிலம் முழுவதும் 4,133 இடங்கள். அதில் மிக அதிகம் 321, அதிகம் 797, மிதம் 1,096, குறைவு 1,919. அந்த இடங்களுக்கு முதல்நிலை மீட்பாளர்கள் என்று உள்ளூர் ஆட்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 43,000க்கும் மேற்பட்டவர்கள், அதில் பெண்களும் உண்டு. தாய்லாந்தில் தலைமையிடம் உள்ள ரைம்ஸ் என்ற பன்னாட்டு அமைப்போடு சேர்ந்து டி.என்.ஸ்மார்ட் என்ற செயலியும் வந்தது. மழை, இடி, மின்னல் எச்சரிக்கை தமிழிலேயே வரும். பருத்தி, மக்காச்சோளம் என்று வெட்டவெளியில் நின்று வேலை பார்க்கிற நம் ஜனங்களுக்கு மின்னல் எச்சரிக்கை புயல் எச்சரிக்கையைவிட அவசரம். இன்னும் ஏற்றிக்கொள்ளாதவர்கள் இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு மீதியைப் படிக்கலாம்.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து போன வருடப் பட்டியலில் தேதியை மாற்றி அனுப்பலாம். அப்படி நடந்ததையும் பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். மாறாக, நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கிராம நிர்வாக அலுவலர், தீயணைப்பு நிலைய அலுவலர், ஒரு ஏட்டு, 108 வண்டியில் வருகிற தம்பி, மின்வாரிய லைன்மேன், சுகாதார நர்ஸ், ஊர்ப் பெரியவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள். பெரிய சார்ட் பேப்பரில் ஊர் வரைபடம் போடுகிற வேலை எனக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும்.

நாங்கள் ஏரி, ஆறு, பள்ளிக்கூடம், கோயில், தெருக்கள் எல்லாம் அழகாக வண்ணம் அடித்து வைத்திருந்தோம். தீயணைப்பு அலுவலர் வந்து பார்த்தார். "நல்லா இருக்கு டீச்சர்" என்றார். பிறகு கேட்க ஆரம்பித்தார். இந்தத் தெருவில் எங்கள் வண்டி திரும்புமா? கோயில் வளைவுக்கு உயரம் எவ்வளவு? கோடையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், மோட்டார் குழாய் போட வழி இருக்கிறதா? ராத்திரி ஒருமணிக்கு நான் வந்தால் சாவி யாரிடம் இருக்கும்? எங்கள் வரைபடத்தில் ஒன்றுக்கும் பதில் இல்லை. 108 தம்பி, "நிறைமாசமா இருக்கறவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க வீடு எதெதுன்னு தெரிஞ்சா போதும்" என்றான். நர்ஸ் அம்மா மனப்பாடமாகவே சொன்னார், பிள்ளைகள் புள்ளி வைத்தார்கள். லைன்மேன் எந்தக் கம்பம் மழையில் சாயும் என்று காட்டினார்.

வெள்ளம் வரும் பக்கம் என்று நாங்கள் ஆற்றங்கரைத் தெருவுக்குச் சிவப்பு அடித்திருந்தோம். ஒரு ஆயா கடைசியில் எழுந்து, "ஆத்துத் தண்ணி நம்ம ஊருக்குள்ள வந்ததில்ல. வந்ததெல்லாம் பின்னாடி ஏரி கலிங்குத் தண்ணிதான். வாய்க்கால அடைச்சு வீடு கட்டிட்டானுவோ, இப்ப அது எங்க போவும்?" என்றது. கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, ஏனென்றால் அந்த வீட்டுக்காரரில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சிவப்பு மறுபக்கம் போனது. பட்டியலில் 'குறைவு' என்றிருந்த எங்கள் ஊரின் அந்தத் தெருவை 'அதிகம்' என்று மாற்ற எழுதி அனுப்பினார்கள். வாய்க்கால் அடைப்பு எடுக்கப்பட்டதா என்று கேட்காதீர்கள். பாதி எடுத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். 1997இல் மிஎ மாகாணத்தில் பேரிடர்ப் பணியில் இருந்தவர்கள் உருவாக்கியது. ஊர் வரைபடத்தின் மேல் கண்ணாடித்தாளை விரித்து, இங்கே நிலநடுக்கம் வந்தால், இந்தப் பாலம் போனால் என்று ஒவ்வொருவரும் கோடு போட்டுப் பேசுவார்கள். 2015இல் அதே நாட்டின் செண்டாய் நகரத்தில் உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட திட்டத்திலும் முதல் முன்னுரிமை ஆபத்தைப் புரிந்துகொள்வதுதான். எங்களிடம் கண்ணாடித்தாள் இல்லை, அதனால் அடித்துத் திருத்திய சார்ட் பேப்பர் அழுக்காகிவிட்டது. ஆனாலும் அந்த அழுக்குச் சார்ட்டைத்தான் அலுவலர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை. நம் பட்டியல்களுக்கு வெள்ளமும் புயலும்தான் கண்ணில் படுகிறது. கொள்ளிடக் கரையில் திருமானூர், திருமழபாடி பக்கத்துக்கு அது சரி. 2018 ஆகஸ்டில் மேலே முக்கொம்பில் மதகுகள் உடைந்தபோது கீழே இருக்கிற நம் ஜனங்கள் எப்படித் தூங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரம்பலூர் பக்கம் ஒரு தீயணைப்பு வீரரிடம் எது ஆபத்து என்று கேட்டால் முதலில் கிணறு என்பார். 2020 ஜூலையில் செல்லியம்பாளையத்தில், வெடி வைத்துத் தோண்டிக்கொண்டிருந்த கிணற்றுக்குள் மாட்டியவர்களை மீட்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர் நச்சுவாயுவில் இறந்துபோனார். காப்பாற்றப் போனவர் செத்தார். 2023 அக்டோபர் 9இல் திருமானூர் பக்கம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு விட்ட பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பையன்கள் குளிக்கப் போகிறார்கள். இவையெல்லாம் மழைக்காலப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் வரும்? மீட்கப் போகிறவரை உட்கார வைத்துக் கேட்டால்தான் கட்டமே மாறும். கிணற்றில் இறங்குமுன் காற்றைச் சோதிக்கிற கருவி எந்த நிலையத்தில் இருக்கிறது, எதில் இல்லை, அடுத்த நிலையத்திலிருந்து வர எத்தனை நிமிடம் என்பதும் ஆபத்தின் அளவுதானே?

நம் மாணவர்களில் ஒருவன் இப்போது தீயணைப்புத் துறையில் இருக்கிறான். பெயர் போட்டால் கூச்சப்படுவான். போன வாரம் போன் செய்து, மாவட்டத் திட்டத்தைப் புதுப்பிக்கிறார்கள், பழைய வெள்ளம் எது வரை வந்தது என்று ஒரு பகுதி இருக்கிறது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்று கேட்டான். 50 ஆண்டுப் பதிவு வேண்டும் என்று கோஸ்லா கேட்டாரே, அதே கேள்வி. ஆற்றுப் பாலத்துக்கு ரயில்வேயிடம் கணக்கு இருக்கும். நம் ஊர் ஏரிகளுக்கும் ஓடைகளுக்கும் கணக்கு வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. 1956க்குப் பத்து வயதாக இருந்தவருக்கே இப்போது எண்பதைத் தாண்டுகிறது.

ஆகவே அரியலூர், கல்லகம், சில்லக்குடி பக்கத்து உறவுகளும், ஆலத்தூர், குன்னம் பக்கத்து மாணவர்களும் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டுத் தாத்தாவோ ஆயாவோ "தண்ணி இது வரைக்கும் வந்துச்சு" என்று காட்டின இடம் இருந்தால், அது கோயில் படியோ, புளியமரமோ, திண்ணையோ, அந்த இடத்தைப் படம் எடுங்கள். எந்த வருடம், யார் சொன்னது, தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். தோராயம் என்றால் தோராயம் என்றே எழுதுங்கள், அழகுக்காக அடி கூட்ட வேண்டாம். ஊரில் மூடாத பழைய கிணறு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். மழை பலமாகி ஏரிக்கரையில் கசிவு கண்டால் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்காமல் உடனே 1077க்குப் போன் செய்யுங்கள், அது நம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. ராத்திரி என்று யோசிக்க வேண்டாம், அங்கே எடுக்க ஆள் இருக்கிறது.